ஊருக்கு ஒரு வரிசை

எக்ஸெல் தாளில் இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, நடுவில் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, சுற்றிலும் கறுப்புக் கோடு இழுத்து அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பார்வைக்குக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். கணினிக்கு அதில் ஒன்றும் விளங்காது. ஒரு கட்டத்தில் ஒரு விஷயம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘மி.கி.’ என்று எழுதிவிட்டால் அது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாகிவிடும். அளக்காத இடத்தில் சிறு கோடு போட்டால் ஒரு தகராறு. சுழியம் போட்டால் பெரிய தகராறு, ஏனென்றால் யாரும் எட்டிப் பார்க்காத ஊரைக்கூட அளந்து பார்த்து ஒன்றுமில்லை என்று கண்ட ஊராக அது எடுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் திருத்துவதுதான் காரைக்காலில் என் பிழைப்பு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், நாலு கணினி வைத்த சிறிய அலுவலகம். திட்டங்களை நடத்துகிறவர்கள் ஊர் ஊராக அளந்து எழுதிய பட்டியல்களை எங்களிடம் தருவார்கள். அவற்றைச் சுத்தம் செய்து, வரைபடத்தில் ஏற்றிக் கொடுப்போம். திரையில் ஒரு ஊரின் மேல் விரலை வைத்தால் அந்த ஊரின் பெயரும் எண்ணும் சின்னப் பெட்டியில் திறக்கும். எண் நல்லதாக இருந்தால் ஊர் பச்சை. கெட்டதாக இருந்தால் சிவப்பு. நடுவில் இரண்டு மஞ்சள்கள். படித்தவர் படிக்காதவர் யார் பார்த்தாலும் புரியும் என்று எங்கள் மேலாளர் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அது உண்மைதான். பார்த்தவுடன் நம்பிவிடுவார்கள்.

வரைபடத்தைத் திறந்தால் முதலில் புதுச்சேரிதான் வரும். நாங்கள் எங்கேயோ கீழே, மூன்று பக்கமும் வேறு மாநிலம், ஒரு பக்கம் கடல் என்று தனியாகக் கிடப்போம். விரலால் இழுத்து இழுத்துத்தான் காரைக்காலுக்கு வர வேண்டும். வந்த பிறகு பெரிதாக்கினால் திருநள்ளாறு, சுரக்குடி, குரும்பகரம், அம்பகரத்தூர் என்று ஒவ்வொன்றாக எல்லைக்கோட்டோடு எழுந்து வரும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைத் தாளின் முதல் பத்தியில் எழுத்தாக வைக்க வேண்டும். எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் சுழியங்களைக் கணினி தின்றுவிடும், ஊர் வரைபடத்தில் ஒட்டாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்துச் சொல்வது, ஊருக்கு ஒரு வரிசை. ஒரே எண் இரண்டு வரிசையில் வந்தால் மென்பொருள் கடைசியில் வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

அந்த வருஷம் வந்தது குடிதண்ணீர்க் கணக்கெடுப்பு. ஒவ்வொரு ஊரிலும் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அளந்து, சிவப்பாக வருகிற ஊர்களுக்கு முதல் கட்டத்திலேயே புதுக் குழாய் போடுவதாகத் திட்டம். பச்சைக்குக் கிடையாது. எந்த ஊர் எந்த நிறம் என்பதை எங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.

பட்டியல் வந்ததும் வழக்கம்போலத் திட்டிக்கொண்டே கட்டங்களைப் பிரித்தேன், கோடுகளை அழித்தேன். பிறகுதான் பார்த்தேன், பல ஊர்களுக்கு இரண்டு வரிசை இருந்தது. ஒன்றில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இன்னொன்றில் அதே பெயரை எழுதி, பக்கத்தில் ‘காலனி’ என்று போட்டிருந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போனவர்கள் ஒழுங்கானவர்கள். மேல்நிலைத் தொட்டியில் ஒரு பாட்டில், காலனி அடிபம்பில் ஒரு பாட்டில் என்று தனித்தனியாகப் பிடித்து, தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஊர் வரிசையில் குடிக்கத் தகுந்த எண் இருந்தது. காலனி வரிசையில் பார்த்தவுடன் சிவப்பு என்று தெரிகிற எண்.

எங்கள் பகுதியில் ஏறக்குறைய எல்லா ஊரும் இப்படி இரண்டாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் ஊர். வாய்க்காலையோ வயலையோ தாண்டி இன்னொரு பக்கம் காலனி. பெயர் ஒன்று, பேருந்து நிறுத்தம் ஒன்று, அரசாங்க எண்ணும் ஒன்று. சாதிதான் வேறு. நான் காலனியில் பிறந்தவன். என் ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தது, இரண்டு வரிசையாக.

அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. நான் சொன்னதில்லை. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், சுரக்குடியைத் தாண்டி என்று சொல்வேன். அத்தோடு விடமாட்டார்கள். “ஊர்ல எந்தப் பக்கம் சார்?” என்பார்கள். எங்கள் பக்கத்தில் சாதியை வாய்விட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, இந்த ஒரு கேள்வி போதும். “மெயின் ரோட்டுப் பக்கம்” என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்ப்பேன். பொய்யும் இல்லை. எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்தே வரலாம். பதினெட்டு வருஷமாக இந்தப் பதிலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். டவுனில் வாடகை வீடு, வெள்ளைச் சட்டை, எல்லோரும் ‘சார்’ என்று கூப்பிடும் மரியாதை. இதையெல்லாம் ஒரு பதிலில் போட்டு உடைக்க எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு நல்ல பெயர் கொடுக்க இன்று எனக்கு மனமில்லை.

மேலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். கெட்டிக்காரப் பெண். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தாளைப் பார்த்தார்.

“ரெண்டு ரெண்டா வருதே சார். எத வச்சிக்கிறது?”

“அதான் மேடம் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“உங்க ஊரும் இதுல இருக்குல்ல? உங்களுக்குத்தான் தெரியும். எது கரெக்ட்?”

காலனிக்குத் தனியாக ஒரு இடக்குறி வேண்டும் மேடம், ஒரே வரிசையில் அடைத்தால் தப்பாகிவிடும் என்று வாய் வரை வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பார். நீங்கள் எந்தப் பக்கம் சார் என்று கேட்பார். அவர் கேட்கக்கூட மாட்டார், பக்கத்து மேசையில் இருப்பவர் கேட்பார்.

“ரெண்டுமே கரெக்ட்தான் மேடம். சராசரி போட்டுடலாம்” என்றேன்.

“அதான் சரி. போட்டுடுங்க.”

ஒரே ஒரு சூத்திரம். எழுதி, கீழே வரை இழுத்துவிட்டேன். எல்லா ஊரிலும் இரண்டு வரிசை ஒன்றானது. ஊரின் நல்ல தண்ணீரும் காலனியின் உப்புத் தண்ணீரும் சேர்ந்து நடுவில் ஒரு எண், பச்சைக்கான எல்லைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. பழைய வரிசைகளை அழித்துவிட்டுத் தாளைச் சேமித்தேன். வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தேன். எந்த இடத்திலும் பிழை காட்டவில்லை. என் ஊர் பச்சையாக இருந்தது. மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பச்சை என்னவென்று என் அக்காவுக்குத் தெரியும். அவளுக்கு உள்ளூரிலேயே, அதே தெருவில்தான் கல்யாணம். எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. சோற்றைக் கொஞ்சம் நேரம் விட்டால் மஞ்சளாகிவிடும். குடிக்க வேண்டுமென்றால் வாய்க்காலைத் தாண்டி ஊர்த் தொட்டிக் குழாய்க்குப் போக வேண்டும். அங்கே யாரும் போகக்கூடாது என்று சொல்வதில்லை. காலம் மாறிவிட்டது. ஊர்க்காரர்கள் பிடித்து முடிக்கும் வரை குடத்தை ஓரமாக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். சில நாள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அக்கா நடவு வேலைக்குப் போகிற நாட்களில் இதற்காகவே விடியுமுன் எழுந்திருப்பாள்.

வரைபடம் வெளியாகிச் சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அக்காவின் மகளும் வந்திருந்தாள். அவளை அம்பகரத்தூர் போகிற வழியில் ஒரு ஊர்க் காலனியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ரெண்டு வயதில் ஒரு பிள்ளை. தாயும் மகளும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

“ஏந்தம்பி, ஒனக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் தெரியுமே. குழாய் போடப் போறாங்கன்னு நாலு பேரு வந்தாங்க. கையில பலகையாட்டம் ஒன்ன வச்சிக்கிட்டு, ‘ஒங்க ஊரு பச்சையில இருக்கும்மா, தண்ணி நல்ல தண்ணி, ஒங்களுக்கு இப்ப வராது’ங்கறாங்க. நான் ஒரு சொம்புல புடிச்சிக் குடுத்து, குடிச்சிட்டுச் சொல்லுங்கய்யான்னேன். ஒருத்தனும் வாயில வைக்கல.”

“அவுங்க என்னா பண்ணுவாங்க. அதுல இருக்கறதத்தானே சொல்லுவாங்க” என்றேன்.

“அதுல எவன் போட்டான்னுதான் கேக்கறேன். இங்க வந்து ஒரு வாய் குடிச்சிப் பாத்திருப்பானா அவன்? நல்லா இருப்பானா?”

அவள் சாபம் விடுகிற ஆள் இல்லை. பிள்ளைகளைக்கூட அடித்ததில்லை. தேங்காய் துருவிக்கொண்டே, குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நான்தான் அக்கா அது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். “நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன்.

அடிபம்புக்குப் போய் நின்றேன். வரைபடத்தில் ஊருக்கு ஒரு வரிசைதான் என்றாலும், தனியாக ஒரு புள்ளி வைக்க வழி உண்டு. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் போன்றவற்றை அப்படித்தான் காட்டுவோம். அதற்கு வேறொரு தாளில் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். கைபேசியில் இருப்பிடம் காட்டும் செயலியைத் திறந்தேன். அது முதலில் என்னை வாய்க்காலுக்குள் நிறுத்தியது. பிறகு யாருடைய வயலிலோ. அசையாமல் கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் பம்படிக்கு வந்து சேர்ந்தது.

அக்கா குடத்தோடு வந்தாள். பாத்திரம் தேய்க்கிறதுக்கு அந்தத் தண்ணீர்தான்.

“என்னா, போட்டோ புடிக்கிறியா?”

“இந்த எடத்தக் குறிச்சிக்கறேன்க்கா.”

“அதுல நம்ம தெருவு தெரியுமா?”

மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். தென்னை மரங்கள், கூரைகள், நடுவில் மண் பாதை. எங்கள் வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் போட்ட நீலத் தார்ப்பாயை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். “தெரியுதே! எல்லாம் நல்லாத்தானே தெரியுது?” என்றாள். குடத்தை வைத்துப் பம்பை அடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் தண்ணீர் எடுத்தவர்கள் எழுதிய பழைய காகிதத்தைத் தேடி எடுத்து, எங்கள் காலனியின் எண்ணைப் புதுத் தாளில் ஏற்றினேன். ஒரே ஒரு வரிசை. பச்சை ஊருக்குள் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. மேலாளரிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை, விட்டுப்போன ஒரு அளவு என்று மட்டும் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் திட்டத்துக்காரர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

கூட்டம் ஒரு காலை வேளையில் நடந்தது. பெரிய மேசை, சுவரில் திரை. குழாய்ப் பணிக்குப் பொறுப்பான பொறியாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறும் வயது, மரியாதையான மனிதர். வரைபடத்தைப் புதுச்சேரியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, காரைக்காலைப் பெரிதாக்கி, ஊர் ஊராக மேலாளர் காட்டிக்கொண்டே போனார். எங்கள் ஊர் வந்தது.

“நிறுத்துங்க. பச்சைக்குள்ள என்ன சிவப்பா ஒரு புள்ளி? தப்பா விழுந்திருக்கா?” என்றார் பொறியாளர்.

மேலாளர் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நான் ஏன் எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம்.

“தப்பு இல்லீங்க சார். அது எங்க தெருங்க.”

“தெருன்னா?”

“காலனிங்க சார். நான் அங்க பொறந்தவன். அங்க தண்ணி அப்படித்தான் இருக்கு.”

யாரோ டீ டம்ளரைத் தள்ளி வைத்த சத்தம் கேட்டது. கூட்டத்துக்கு வந்திருந்த என் பக்கத்து மேசைக்காரர் குனிந்து காகிதத்தில் ஏதோ எழுதினார். பதினெட்டு வருஷம் காத்து வைத்திருந்தது இவ்வளவுதானா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல்கூட வந்தது.

“அப்ப இந்தப் பச்சை?” என்றார் பொறியாளர்.

“ரெண்டையும் சேத்து நான் போட்ட சராசரிங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். நல்ல மூளை. அடுத்த கேள்வி என்ன என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“மத்த ஊர்லயும் இப்படி இருக்கா?”

இருந்தது. எனக்குத் தெரியும். சூத்திரத்தை எழுதிக் கீழே வரை இழுத்தவன் நான்தான். ஒரு ஊரில் ஒரு புள்ளி என்றால் அது திருத்தம். ஊருக்கு ஊர் புள்ளி என்றால் நாங்கள் செய்த வேலையே தப்பு. வெளியிட்ட வரைபடத்தைத் திரும்பப் பெற வேண்டும். மேலாளர் முகத்தில் ஈயாடாது. நான் வேலையில் இருப்பேனா என்பதே சந்தேகம். எங்கள் தெருவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இதையெல்லாம் யோசித்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“பாத்துச் சொல்றேங்க சார்” என்றேன்.

“பாத்துச் சொல்லுங்க” என்றார். அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

படி இறங்கும்போது மேலாளர், “மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். நாங்க என்ன சொல்லப் போறோம்?” என்றார். மனதாரக் கேட்டார். அன்றிலிருந்து பக்கத்து மேசைக்காரர் என்னிடம் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. வேறு எதுவும்கூட அதிகம் கேட்பதில்லை.

நான் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஒவ்வொரு காலனிக்கும் போய் இடக்குறி எடுக்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும், கேட்டால் செய்யலாம், அடுத்த திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நாளுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பொறியாளரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். முதல் கட்டப் பட்டியல் முடிவானது. அதில் எங்கள் தெரு இருந்தது.

குழாய் வந்த நாளில் அக்கா எனக்குப் போன் செய்தாள். பேசாமல் போனைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்துத் தண்ணீர் விழுகிற சத்தத்தை மட்டும் கேட்கவைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது சாம்பார் வைத்திருந்தாள். பருப்பு கரைந்து வெந்திருந்தது. தெருவில் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எதிர்த்த வீட்டுப் பெண், பிள்ளைக்கு என்னைக் காட்டி, “இவுங்களாட்டம் படிக்கணும்” என்றாள். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா இரண்டாவது முறை சாம்பார் ஊற்றினாள்.

அக்காவின் மகள் அன்றைக்கும் வந்திருந்தாள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காலையில் வந்து, சாயங்காலம் திரும்ப வேண்டும். கிளம்பும்போது புதுக் குழாயில் ஒரு பழைய எண்ணெய்க் கேன் நிறையப் பிடித்து, மூடிக்குக் கீழே பாலித்தீன் காகிதம் வைத்து இறுக்கி மூடினாள். பேருந்து நிறுத்தம் வரை நான் கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் இரண்டு இடத்தில் கை மாற்ற வேண்டியிருந்தது.

“இத எதுக்கும்மா சுமந்துக்கிட்டுப் போற?” என்றேன்.

“புள்ளைக்குப் பால் கலக்கறதுக்கு மாமா. அங்க தண்ணியில கலந்தா குடிக்க மாட்டேங்குது, வயித்தாலயும் போவுது. ஆஸ்பத்திரியில தண்ணிய மாத்துன்னாங்க. ரெண்டு மூணு நாளைக்கி வரும் இது.”

நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கேனைக் கீழே வைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க தெருவுலயும் அந்தப் பலகைய எடுத்துக்கிட்டு வந்தாங்க மாமா. பச்சைன்னுட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுல இருக்கறவங்ககிட்ட ஒங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். அம்மா தெருவுல நம்மாளு ஒருத்தரு உள்ள இருந்தாரு, அதனால ஆச்சு. எங்க தெருவுக்குத்தான் அப்படி ஒரு ஆளு இல்ல.”

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள், தாய்மாமனைப் பற்றிப் பேசுகிற முகத்தோடு.

“ஒங்க தெருவும் பட்டியல்ல இருந்துச்சும்மா. தனியா, ஒரு வரிசையா இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்” என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. இரண்டு வரிசை, சராசரி, ஒரே எண் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் தெருவைப் பச்சையாக்கியதும் நான்தான் என்று சொன்னேன். கூட்டத்தில் மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்டார்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கேட்டாங்களா?” என்றாள் கடைசியில். “அவுங்களே கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

பேருந்து வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வண்டி நின்றதும் முதலில் ஏறி, படியில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“கேனக் குடுங்க மாமா” என்றாள்.

தூக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.